மலை உச்சியில் சைவச் சாப்பாடு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம்மவர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, எங்கே போகலாம் என்பது. பெரும்பாலும் விடை கெந்திங் மலைதான். அடுத்த கேள்வி, எத்தனை வண்டி, யார் யார் வருகிறார்கள் என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: யார் வரவில்லை? எனக்குத் தெரிந்த பல குடும்பங்களில் வராத ஒருவர் இருக்கிறார். பாட்டியாக இருக்கலாம், பெரியம்மாவாக இருக்கலாம், தைப்பூசத்திற்கு விரதம் பிடித்திருக்கும் மாமாவாக இருக்கலாம். "நீங்க போயிட்டு வாங்க, வீட்டுக்கு யாரு விளக்கேத்துறது?" என்பார்கள். விளக்கு ஒரு சாக்கு. உண்மைக் காரணம் சாப்பாடு.

கேளிக்கைப் பூங்காவோடு சேர்ந்த விடுதிக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்கும்போது சைவம் சாப்பிடுபவர் எப்படிச் சமாளிப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சின்ன விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ரொட்டியும் ஜாமும் தின்று இரண்டு நாளை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நண்பர்களே.

நகரத்தில் இருக்கும்வரை இது ஒரு பிரச்சினையே அல்ல. பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது, மஸ்ஜிட் இந்தியா இருக்கிறது, வாழை இலைச் சாப்பாட்டுக் கடை இல்லாத பட்டணம் குறைவு. பூங்கா விடுதி அப்படியல்ல. உள்ளே போய்விட்டால் அங்கே இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். கெந்திங்கில் 1971இல் திறந்த ஒரு தங்கும் விடுதியிலிருந்து வளர்ந்து, இன்று ஒரு விடுதியில் மட்டும் 7,351 அறைகள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். 2018இல் உள்ளரங்கப் பூங்காவும் 2022இல் வெளிப்புறப் பூங்காவும் புதிதாகத் திறந்தன. இரவு பத்து மணிக்குப் பசித்தால் இறங்கிப் போய் இரண்டு தோசை வாங்கிவருவோம் என்று சொல்ல முடியாத இடம். பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகவும் விடமாட்டார்கள். ஆக, விடுதிச் சமையலறையோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் கோளாறு தொடங்குகிறது.

2022இல் ஒரு பூங்கா விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த விடுதி என்பது வேண்டாம். என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சைவம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். தாத்தா இறந்த பிறகு கவுச்சியை விட்டவர், திரும்பத் தொடவில்லை. அன்று பசியாறப் போன இடத்தில் மாமா, "வெஜிடேரியன் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். வந்த தட்டில் மீ கோரெங், மேலே நிறையக் கீரை. பாட்டி கரண்டியால் கிளறியபோது ஒரு சின்ன இறால் வால் மேலே வந்தது. பணியாளரைக் கூப்பிட்டோம். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நல்ல மனத்தோடு, "இறாலை எல்லாம் எடுத்துவிட்டோமே, ஒன்று தவறிவிட்டது போலிருக்கிறது" என்றார். பாட்டி தட்டைத் தள்ளி வைத்தார். மீதி இரண்டு நாளும் ரொட்டி, வாழைப்பழம், தேநீர். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் வீட்டு விளக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது.

அந்தப் பணியாளர் பொய் சொல்லவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த அர்த்தத்தில் அது சைவம்தான், தட்டில் இறைச்சி இல்லை. 'வெஜிடேரியன்' என்ற ஒரே சொல்லை ஒவ்வொரு சமையலறையும் ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. பூங்கா விடுதிகளில் மலாய், சீன, மேற்கத்திய, இந்தியச் சமையலறைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். கெந்திங் போன்ற இடத்தில் ஹலால் சமையலறை வேறு, ஹலால் அல்லாதது வேறு. நாம் ஒரே கேள்வியை எல்லாரிடமும் கேட்டுவிட்டு, ஒரே பதில் வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

மலாய்ச் சமையலில் 'சாயுர்' என்றால் காய்கறி. காய்கறி முதன்மையாக இருக்கும் கறியெல்லாம் சாயுர்தான். கங்கோங் கீரையை எதில் வதக்குவார்கள்? பெலாச்சானில். அது இறாலை உப்பிட்டுப் புளிக்க வைத்து இடித்தது. சாயுர் லோடேயில் காய்ந்த இறாலை அரைத்துப் போடுவது வழக்கம். நாசி லெமாக்கின் சோறு தேங்காய்ப்பாலில் வெந்தது, குற்றமில்லை. அதன் சம்பலில் நெத்திலி. எதுவும் இறைச்சி மாதிரி கண்ணுக்குத் தெரியாது. தெம்பே, தாவு, பச்சையாகத் தின்னும் ஊலாம் ஆகியவை நமக்கு நல்ல துணை, சம்பலைத் தொடாத வரை.

மேற்கத்தியச் சமையலறையில் சைவம் என்றால் முட்டையும் பாலாடைக்கட்டியும் தாராளமாக உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு முட்டை கவுச்சி. இந்தியச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது: முட்டை சேர்ந்த பொட்டலத்தில் சைவத்திற்கான பச்சைப் புள்ளியைப் போட முடியாது. காளான் சூப் பார்வைக்குச் சைவம். கோழி எலும்பு வேகவைத்த நீரில் அதைச் செய்வது சாதாரணம். சீசர் சாலட் வெறும் கீரைதான், ஆனால் மேலே ஊற்றும் சாற்றில் நெத்திலி வகை மீன் இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் பாதுகாப்பானது என்று நம்புகிறோம். கோழி பொரித்த எண்ணெயிலேயே அதையும் பொரிப்பது உண்டு. அமெரிக்காவில் ஒரு பெரிய துரித உணவு நிறுவனம் தன் வறுவலில் மாட்டிறைச்சிச் சுவையூட்டி இருப்பதைத் தெளிவாகச் சொல்லாததற்காக, இந்துக்களும் சைவ உணவினரும் தொடுத்த வழக்கில் 2002இல் 10 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது நினைவிருக்கலாம்.

சீனச் சமையலறைதான் சுவையான கதை. அங்கே இரண்டு சொற்கள் உண்டு. மாண்டரினில் 'சூ', கண்டனீசிலும் ஹொக்கியனிலும் பேச்சு வழக்கில் 'சாய்'. 'சூ' என்பது சாயம் ஏற்றாத வெள்ளைப் பட்டைக் குறித்த பழஞ்சொல். எளிமை, தூய்மை என்று பொருள் விரிந்து உணவுக்கு வந்தது. 'சாய்' விரதத்தோடு தொடர்புடையது, உடலையும் மனத்தையும் சுத்தப்படுத்திக்கொண்டு வழிபாட்டுக்குத் தயாராவது. சமயச் சொல்லிலிருந்து உணவுச் சொல் வந்த கதை நம் 'சைவம்' என்ற சொல்லுக்கும் உண்டல்லவா? பௌத்த முறைப்படி சாய் சாப்பிடுபவர்கள் பூண்டு, வெங்காய வகைகள் உட்பட ஐந்து கார வாசனைப் பொருள்களைத் தவிர்ப்பார்கள். அந்த ஐந்தில் ஒன்று பெருங்காயம்! என் அம்மாவின் ரசம் அவர்கள் கணக்கில் சைவமே ஆகாது. இதைப் பாட்டியிடம் சொன்னபோது, "நம்மள விட ஆசாரமா இருக்காங்களே" என்று ஆச்சரியப்பட்டார்.

இருந்தாலும் அங்கேயும் இரண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோதுமைப் பசையிலும் சோயாவிலும் செய்யும் போலி இறைச்சி சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு பிணைப்பாகச் சேர்கிறது. சாதாரணச் சீனக் கடையில் வெறும் காய்கறி கேட்டால் சிப்பிச் சாறு ஊற்றித் தருவார்கள். சாய் கடையில் அதற்குப் பதில் காளானில் செய்த சாறு இருக்கும். இன்னொன்று, போலி மீனுக்குக் கடற்பாசியில் தோல்கூடச் செய்து வைத்திருப்பார்கள். பாட்டி அதைத் தொடமாட்டார். "மீனு மாதிரி இருக்குறத ஏன் திங்கணும்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நம்மவர் கடை என்றால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு கேட்போம். மீன் குழம்புக் கரண்டியே அதிலும் விழும். சில கடைகளில் மாவிலேயே முட்டை உண்டு. வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான்.

அப்படியானால் எப்படிக் கேட்பது? என் நண்பர்கள் சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: ஒவ்வாமை என்று சொல்லிவிடு, உடனே பயந்துபோய்த் தனியாகச் சமைப்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இறால் பட்டால் மூச்சடைக்கும் மனிதர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது சமையற்காரர் நம்ப வேண்டும். நம் பொய்யால் அந்தச் சொல்லின் மதிப்பு குறையக் கூடாது. அதோடு இந்த நாட்டில் அந்தப் பொய் தேவையும் இல்லை. விரதம் என்றால் என்னவென்று தெரியாத சமையற்காரர் மலேசியாவில் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்?

இதை நான் 2025 டிசம்பரில் நேரில் பார்த்தேன். 2026இல் தைப்பூசம் பிப்ரவரி முதல் தேதியே வந்ததால், அம்மாவின் 48 நாள் விரதம் டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிட்டது. விடுமுறையும் அப்போதுதான். பதினோரு பேர் கெந்திங் போவதாக முடிவாயிற்று. இம்முறை பாட்டியை அழைத்துப்போவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன், சாப்பாட்டுப் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்ததில் எனக்குக் கிடைத்த லாபம், மலாய்க்காரரிடம் மலாய்க்காரர் போலவே பேச வரும் என்பது. நாங்கள் தங்கிய விடுதியின் பெயரை எழுதி விளம்பரம் செய்யப் போவதில்லை. முதல் நாள் மாலை, கூட்டம் சேர்வதற்கு முன்பே, பஃபே இடத்துக்குப் போய் நூடல்ஸ் கிளறிக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னேன்: "அபாங், மாக் சாயா தெங்ஙா புவாசா, தைப்பூசம். டாகிங், ஆயாம், இக்கான், ஊடாங், தெலுர், பெலாச்சான், செமுவா தாக் போலே." வெஜிடேரியன் என்ற சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஓ, புவாசா. பெராப்பா ஹாரி?" என்றார். 48 நாள் என்றேன். "லாமாஞா!" என்று கண்களை விரித்தவர், நோன்பு முப்பது நாளுக்கே எங்களுக்கு எப்படி இருக்கிறது என்று சிரித்தார். பிறகு அவராகவே குவாலியைக் கழுவினார், புது எண்ணெய் ஊற்றினார். கோழிச் சுவைத்தூள் வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவரே அந்த டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, சோயா சாறும் வெள்ளை மிளகும் போட்டுத் தாவு மீ கிளறினார். பாட்டியிடம் தட்டைக் கொடுக்கும்போது, "இது சுத்தம், பாட்டி" என்று தமிழில் சொன்னார். எங்கே கற்றாரோ தெரியவில்லை. பாட்டி இரண்டாவது தட்டும் வாங்கினார்.

அந்தப் பேச்சில் மூன்று விஷயம் இருந்தது. உணவுப் பழக்கத்தின் பெயரைச் சொல்லாமல், எவையெல்லாம் ஆகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். காரணத்தை விரதம் என்று சொன்னேன்; அதைக் கேட்டதும் அது வாடிக்கையாளரின் சலுகையாகத் தெரியாமல் ஒருவருடைய நியாத்தாகத் தெரிந்தது, நியாத்தைக் கெடுக்க எந்த மலாய்க்காரரும் விரும்பமாட்டார். மூன்றாவது, நேரம். எட்டு மணிக்கு முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது இதையே கேட்டிருந்தால் நல்ல மனிதருக்கும் கை ஓடியிருக்காது. அறை பதிவு செய்யும்போதே மின்னஞ்சலில் இந்தப் பட்டியலை எழுதி அனுப்பிவிடுவது இன்னும் நல்லது. பதில் வருகிறதோ இல்லையோ, காட்டுவதற்குக் கையில் ஒரு கடிதம் இருக்கும்.

சீன ஆன்ட்டியிடம் போனால் இன்னும் சுருக்கம். கண்டனீசில் "சிக் சாய்" என்ற இரண்டு சொல் போதும். ஹொக்கியன் பேசுபவரிடம் "சியா சாய்", மாண்டரினில் "ச்சீ சூ". முட்டை வேண்டாம் என்பதை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். பலகையில் 'சூ' எழுத்தை அடையாளம் காண்பதும் எளிது. மேலே மூன்று படுக்கைக் கோடுகள், அவற்றைக் குத்திக்கொண்டு ஒரு நேர்கோடு, கீழே முறுக்கிய நூல் போல ஒரு வடிவம். சீன நாட்காட்டியில் மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சாய் சாப்பிடுவார்கள், சாய் கடைகளில் அன்று கூட்டம் அதிகம். நம் அமாவாசையும் பௌர்ணமியும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது பேரரசர் திருவிழா ஒன்பது நாள் நடக்கும்போது மஞ்சள் கொடி கட்டிய சாய் கடைகள் புதிதாக முளைக்கும். 2024இல் அந்த விழாவும் நம் நவராத்திரியும் ஒரே நாளில், அக்டோபர் 3இல் தொடங்கின. 2025இல் அது ஒரு மாதம் தள்ளிப்போய்க் கந்தசஷ்டியோடு சேர்ந்துகொண்டது. அக்காலத்தில் பயணம் போகிற சைவக்காரருக்கு வேட்டைதான்.

கெந்திங்கில் சாய் சாப்பாட்டுக்கு ஓர் இடம் உண்டு. சின் சுவீ குகைக் கோயில். கெந்திங்கை உருவாக்கிய லிம் கோ தோங், தம் பூர்வீகமான ஃபூஜியன் மாநிலத்தில் வணங்கப்படும் துறவி சின் சுவீக்காகக் கட்டுவித்தது. 1976இல் தொடங்கிய வேலை 1994இல்தான் முடிந்தது, அவ்வளவு செங்குத்தான பாறைச் சரிவு. 2016இல் திறந்த அவானா கம்பிவட ஊர்தி இந்தக் கோயிலருகே ஒரு நிலையத்தில் நிற்கும். இறங்கிப் பார்த்துவிட்டு மீண்டும் ஏறலாம். வளாகத்திலேயே சைவ உணவகம் இருக்கிறது. நேரத்தை முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மதியம் எல்லாரையும் அங்கேதான் கூட்டிப்போனேன். கவுச்சி இல்லாமல் சோறு இறங்காது என்று சொல்லும் என் சித்தப்பாகூடக் காளான் கறியை மூன்று தரம் போட்டுக்கொண்டார். அன்று ஒரு வேளைதான் பதினோரு பேரும் ஒரே மேசையில், ஒரே சாப்பாடு.

இனிப்பு மேசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஹலால் முத்திரை இருந்தால் நமக்கும் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். பன்றி இல்லை என்பதைத்தான் அம்முத்திரை உறுதி செய்கிறது, மாடு இல்லை என்பதை அல்ல. மூஸ் கேக், மார்ஷ்மெல்லோ போன்றவற்றை உறைய வைக்கும் கெலட்டின் ஹலாலாகவே இருக்கலாம், ஆனால் மாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குவிதிகள்படி, மாடு அல்லது பன்றியிலிருந்து வந்த பொருள் இருந்தால் பொட்டலத்தில் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே கடையில் வாங்கும் மிட்டாயைப் படித்துப் பார்க்கலாம். பஃபே தட்டுக்குப் பொட்டலம் கிடையாது. இந்தியாவில் உள்ளது போலக் கட்டாயப் பச்சைப் புள்ளியும் இங்கே இல்லை. அகார் அகார் என்றால் துணிந்து எடுக்கலாம், அது கடற்பாசி.

கையில் என்ன கொண்டுபோவது? அந்தக் காலத்தில் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துச் சுற்றுலா போனவர்கள் அண்டாவில் புளிச்சோறு கிளறிக்கொண்டு போனதற்கு நல்ல காரணம் உண்டு. புளியின் அமிலமும் மேலே நிற்கும் நல்லெண்ணெயும் சோற்றைச் சட்டென்று கெடவிடாது. தேங்காய் சேர்ந்த எதுவும் நம் வெயிலில் மதியத்திற்குள் நொந்துவிடும். ஆகவே முதல் நாளுக்குப் புளிச்சோறு, வழிக்கு இட்லியும் எண்ணெய் குழைத்த பொடியும். அறையில் அடுப்போ சோற்றுப் பானையோ வைக்க விடுதிகள் விடமாட்டா, சுடுநீர்க் குடுவை மட்டும் இருக்கும். அதில் கோப்பை மீ போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்திற்கும் நீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மலை உச்சியில் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பொட்டலத்தில் மூன்று நிமிடம் என்றிருந்தால் ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். ஊறுகாய் போத்தலை மறக்காதீர்கள். 17 டிகிரிக் குளிரில் சூடான எதுவும் ஊறுகாயோடு இறங்கும்.

கடைசியாக நம் பேரவைக்கே ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் 'சைவம் / அசைவம்' என்று இரண்டே கட்டங்கள் இருக்கின்றன. ஏற்பாட்டுக் குழு அதை எண்ணி, 'சைவம் 6' என்று விடுதிக்கு அனுப்புகிறது. அந்த ஆறு பேரில் முட்டை சாப்பிடுபவர் ஒருவர், வெங்காயம் பூண்டு தொடாதவர் ஒருவர், வெள்ளிக்கிழமை மட்டும் சைவம் ஒருவர், விரதம் என்பதால் தனிப் பாத்திரம் வேண்டுபவர் ஒருவர் இருக்கக்கூடும். முட்டை, பால், வெங்காயம் பூண்டு, தனிப் பாத்திரம், எந்தெந்த நாள் என்று ஐந்து கட்டங்கள் போட்டால் தாளில் இரண்டு அங்குலம் கூடும், அவ்வளவுதான். அதன் கீழே மலாயில் ஒரு பட்டியலையும் அச்சடித்துவிட்டால், அதையே கிழித்துச் சமையலறையில் கொடுத்துவிடலாம்.